தள்ளி நிற்கும் அத்தை

பக்கத்து அறையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கடகடவென்று சுவர்வரை போய் முட்டி நின்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி கடகடவென்று திரும்பி வந்தது.

சலவை அறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்ஸ்பெக்டர் எழுந்தாச்சு" என்று கையிலிருந்த துண்டிடம் சொன்னாள். மணி இன்னும் ஆறரைகூட ஆகவில்லை.

துண்டை மார்போடு அணைத்து, ஒரு முனையைத் தாடையால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஓரத்தை இழுத்து மடிப்பது அவள் பழக்கம். மடித்ததும் முகர்ந்து பார்ப்பாள். வெயில் வாசனை வந்தால் அலமாரிக்குப் போகும். வராவிட்டால் மறுபடி கொடிக்குப் போகும். துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கி நாலு வருஷமாகிறது. அதன் மேல் படிகிற தூசியைத் துடைக்கத்தான் அவள் அதன் பக்கம் போவாள். "அது காயவைக்கிற மிஷின் இல்லை, வேகவைக்கிற மிஷின்" என்பது அவள் கட்சி.

அநாதைக் குழந்தைகள் காப்பகம் அது. நாற்பத்தோரு பேர். இருட்டில் யார் இருமினாலும், எந்தக் கட்டில் கிறீச்சிட்டாலும், சுவரைப் பார்த்தபடியே பெயர் சொல்லிவிடுவாள். பெயர் என்றால் பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை. அவள் வைத்த பெயர். எப்போதும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறவன் 'டிக்கெட் பரிசோதகர்'. தூங்கும்போது வாயைத் திறந்து வைத்திருப்பவள் 'தபால்பெட்டி'. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டில் வைத்த முட்டை முதல் தாழ்வாரத்துப் பல்லிவரை எல்லாவற்றையும் குனிந்து விசாரிக்கிற ஐந்து வயதுப் பெண் 'இன்ஸ்பெக்டர்'.

அத்தைக்கு ஐம்பத்துநாலு வயது. குள்ளம். நடக்கும்போது இடதுபக்கம் சாய்ந்துதான் நடப்பாள். இருபத்தாறு வருஷமாக இடது இடுப்பில் யாராவது ஒரு குழந்தை உட்கார்ந்திருந்ததன் விளைவு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "பாரம் தூக்கறதை விட்டுடுங்கம்மா" என்றார். "பாரம் எங்க டாக்டர் தூக்கறேன், புள்ளைங்களைத்தானே தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் மருந்துக்கடை வேலைக்குப் போகிற மகள் ஒருத்தி உண்டு. அவள் கேலி வேறு மாதிரி. "உன் இடுப்புல எனக்கு எத்தனை நாள் இடம் கிடைச்சுது? வாடகைக்கு விட்டுட்டியே!" அத்தை சிரிப்பாள். அடுத்த நிமிஷம் அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று மகளுக்குத் தெரியாது.

காப்பகத்தில் யாரையும் 'அம்மா' என்று கூப்பிட அத்தை விடுவதில்லை. அந்தச் சொல், வரப்போகிறவளுக்காக எடுத்து வைத்த நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது. 'ஆயா' என்று கூப்பிட்டால் போதாதா என்று ஒருமுறை காப்பகத்தை நடத்தும் மேடம் கேட்டபோது பதில் தயாராக இருந்தது. "அத்தைன்னா திட்டலாம் மேடம், கொஞ்சலாம், கல்யாணத்துல முன்வரிசையில உக்காரலாம். ஆனா பொண்ணு வண்டி ஏறும்போது கையைப் பிடிச்சு இழுக்க முடியாது. அதான் நமக்குச் சரி."

இந்த வேலையில் அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'தள்ளி நிக்கறது'.

வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பதி ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முன்வந்து, எல்லாம் முடிவாகி, பயண அனுமதியும் வந்த பிறகு, புறப்பட இன்னும் அறுபது நாள் இருக்கும். அந்த அறுபது நாளில் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விலக்கிக்கொள்வாள். முதலில் ஊட்டுவதை நிறுத்துவாள். பிறகு தன் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து குழந்தையின் கட்டிலை ஜன்னலோரம் மாற்றுவாள். விழுந்தால் ஓடமாட்டாள், அது தானாக எழுந்திருக்கிறதா என்று தூணைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். குளிக்கவைப்பது சின்ன ஆயாவின் கைக்குப் போகும். கடைசி வாரத்தில் தூக்கவே மாட்டாள். "நம்ம இடுப்பை மறந்தாத்தான் அவங்க அம்மா இடுப்புல ஒட்டும். இல்லைன்னா விமானத்துல தொண்டை வத்தக் கத்தும். பாவம், அந்தப் பொம்பளை என்ன செய்வா?"

இப்படி இருபத்துமூன்று பேரை அனுப்பியிருக்கிறாள். போனவர்களின் புகைப்படம் தபாலில் வரும். ஒரே ஒரு தடவை பார்ப்பாள். "கன்னம் வச்சிருக்கு" என்பாள். அலுவலகத்தில் கொடுத்துவிடுவாள்.

இருபத்துநாலாவது ஆளிடம்தான் கணக்குத் தப்பியது.

இன்ஸ்பெக்டர் பிறந்து பதினோரு நாளில் வந்தவள். அத்தையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அத்தை விடுப்பு எடுத்தால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டாள். அவளுக்கு ஒரு தம்பதி அமைந்துவிட்டது என்று கடிதம் வந்ததும் அத்தை அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'இது அறுபது நாள்ல பிரியற ஒட்டு இல்லையே' என்று பயந்தாள். பயண அனுமதி வருகிறவரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே தள்ளி நிற்கத் தொடங்கிவிட்டாள்.

இன்றோடு பத்து மாதம்.

நடுவில் அந்தத் தம்பதி ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்கிப் போனார்கள். குழந்தைக்குப் பிடித்துப்போயிற்று. நீலநிறத்தில் சக்கரம் வைத்த குட்டிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவு வந்தது. மருத்துவச் சான்றிதழ் வந்தது. கடைசிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இரண்டு நாடுகளும் முட்டிக்கொண்டன.

நடுக்கடலில் ஒரு தீவு. மனிதவாசனையே இல்லாத பாறை. அதற்கு அந்த நாடும் உரிமை கொண்டாடியது, இந்த நாடும் உரிமை கொண்டாடியது. கப்பல்கள் போயின. தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒருநாள் செய்தியின் கடைசியில், விளையாட்டுக்கு முன்னால், ஒரே வரியில் சொன்னார்கள்: அந்த நாட்டுக்குக் குழந்தைகளைத் தத்து அனுப்புவது நிறுத்தி வைக்கப்படுகிறது.

"நல்லதாப் போச்சு! அவனுக்கு ஏன் நம்ம புள்ளையைக் கொடுக்கணும்?" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கினார் சமையல்காரர். அவருக்கு நாட்டுப்பற்று வந்தால் அடுப்பில் ஏதாவது ஒன்று தீயும்.

"நீ முதல்ல சூப்புல உப்பைப் போடு. அப்புறம் நாட்டைக் காப்பாத்தலாம்" என்றாள் அத்தை. ஆனால் அன்று அவளும் அந்த சூப்பைக் குடிக்கவில்லை.

அவளை அரித்தது தீவு இல்லை. தன் கைவேலை. நாலு மாதத்துக்கு முன் இன்ஸ்பெக்டர் முற்றத்துப் படியில் விழுந்தாள். முழங்காலில் ரத்தம். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை எழுந்தது. பாவாடையைத் தட்டிக்கொண்டது. அத்தை நிற்கிறாள் என்று தெரிந்தும், அவளைத் தாண்டி, நொண்டிக்கொண்டே தானாக நர்ஸ் அறைக்குப் போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "எவ்வளவு சமத்து!" என்று எல்லோரும் மெச்சினார்கள். அத்தை சலவை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மடித்த துண்டுகளில் ஒன்று மட்டும் நனைந்து, மறுபடி கொடிக்குப் போயிற்று.

அந்த நாட்டுத் தாய் இப்போது வந்திருக்கிறாள். சண்டைக்கு முன்பே வாங்கிய விசா அவள் கையில் இருந்தது; கணவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் தனியாக வந்தாள். எட்டு நாளாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். குழந்தைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மா வந்தாச்சு. அதனால் எட்டு நாளாக விடிந்ததும் எழுந்து, ஷூ மாட்டி, பெட்டியை உருட்டிக்கொண்டு தயாராகிவிடுகிறாள்.

நேற்று மாலை கதை முடிந்துவிட்டது. கையெழுத்து கிடையாது. விசாவும் ரத்து. இன்று மதிய விமானத்தில் அவள் வெளியேறியாக வேண்டும். புறப்படுமுன் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்க்கலாம்; காப்பக ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

"ஃபைலை மூடலை, நிறுத்தித்தான் வச்சிருக்காங்க" என்றார் மேடம், கண்ணாடியைத் துடைத்தபடி. துடைக்கவேண்டியது கண்ணாடி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "ஆறு மாசம் ஆகலாம். மூணு வருஷமும் ஆகலாம். எப்ப வேணும்னாலும் அனுமதி வரும். அதனால குழந்தையைத் தயார் நிலையிலேயே வச்சிருங்க. நீங்க இப்ப இருக்கற மாதிரியே இருங்க."

"தயார் நிலையா? அது என்ன மேடம், தீயணைப்பு வண்டியா?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கடிதத்தைப் பிரித்தார்.

பத்து மணிக்கு அத்தை குழந்தையைக் கூப்பிடப் போனாள்.

"அத்தை, ஷூ போட்டாச்சு. இடது, வலது சரியா இருக்கா?"

"உனக்கே தெரியுமே."

"தெரியும். சும்மா கேட்டேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். கையைப் பிடிக்காமல், இரண்டடி தள்ளி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பார்வையாளர் அறையில் ஒரு சோபா, ஒரு கடிகாரம், ஓரம் கிழிந்த விலங்குப் படம் ஒன்று. சோபாவின் நுனியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். வாட்டசாட்டமான பெண். தன் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. முதன்முதலில் அவளைப் பார்த்தபோது, சீமாட்டி ஒருத்தியை எதிர்பார்த்திருந்த அத்தைக்கு நிம்மதியாக இருந்தது. 'தூக்கத் தெரிஞ்ச கை' என்று மனசுக்குள் மதிப்பெண் போட்டாள். பத்து மாதமாக அவள் புத்தகம் வாங்கி வைத்து இந்த மொழியைப் படித்திருந்தாள். பேசினால் அப்படியே புத்தகம்.

"வணக்கம். நீங்கள் உணவு உண்டீர்களா?"

"சாப்பிட்டியான்னு கேக்கணும்" என்று திருத்தினாள் இன்ஸ்பெக்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"சாப்பிட்... டியா?"

"சாப்பிட்டேன். எப்ப கெளம்பறோம்?"

அந்தப் பெண் மடியில் வைத்திருந்த கையைப் பார்த்தாள். இந்த ஒரு வாக்கியத்தை விடிய விடிய உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள். "இன்று உங்களை என்னால் அழைத்துச் செல்ல இயலவில்லை. என்னை மன்னியுங்கள். நான் மீண்டும் வருவேன்."

"ஏன்?"

அதற்கு அவளிடம் வாக்கியம் இல்லை. அத்தையைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற அத்தைதான் சொன்னாள்.

"ரெண்டு நாட்டுக்கும் சண்டைடா கண்ணு. கடல் நடுவுல ஒரு தீவு இருக்கு. அது எனக்குன்னு அவங்க சொல்றாங்க. இல்லை, எனக்குன்னு இவங்க சொல்றாங்க."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. பறவைங்கதான்."

குழந்தை யோசித்தது. "நான் அந்தத் தீவைக் கேக்கலையே!"

"கேக்கலை கண்ணு."

"பின்ன என்னை ஏன் விடமாட்டேங்கறாங்க?"

இருபத்தாறு வருஷத்தில், எதிர்வீட்டு நாய் ஏன் செத்தது என்பதிலிருந்து எங்கம்மா ஏன் வரலை என்பதுவரை, அத்தையிடம் பதில் இல்லாத கேள்வி இல்லை. இதற்கு இல்லை. அந்தப் பாறைமேல் கொடி நடத் துடிக்கிற எந்த மகானாவது இந்த அறைக்கு வந்து, மூன்றடி உயரத்துக்குக் குனிந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால் தேவலை!

இன்ஸ்பெக்டர் அழவில்லை. "சரி. அப்ப நான் பெட்டியைப் பிரிச்சு வச்சிடறேன்" என்றாள். பெட்டியைச் சுவரோரம் உருட்டிக்கொண்டு போய், இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸிப்பைத் திறந்தாள். ஒரு கவுன். இரண்டு ஜோடி காலுறை. ஒரு பல்துலக்கி. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். தோள்கூடக் குலுங்கவில்லை.

"அவள் அழவில்லை. இது நல்லதா?" என்றாள் வந்தவள் மெல்ல.

அத்தைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் காலடியிலேயே, வெறுந்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லதில்லைம்மா. நான்தான் இப்படிப் பழக்கிட்டேன். உன்கிட்ட ஒட்டணுமேன்னு என்கிட்டேருந்து பிரிச்சேன். ரெண்டு மாசத்துல செய்யவேண்டியதைப் பத்து மாசம் செஞ்சேன். விழுந்தாத் தூக்கலை. கூப்பிட்டாப் போகலை. இப்ப அது யாரையும் கூப்பிடறதே இல்லை. நீயும் போயிடுவே. அப்புறம் அதுக்கு யாரு?"

பேச்சு வேகமாக இருந்தது. பாதிக்குமேல் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திராது. ஆனால் அத்தையின் இரண்டு கைகளும் மடியில் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தாள். சுவரோரம் காலுறையை மடிக்கிற குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் எல்லாம் புரிந்துவிட்டது.

"தூக்குங்கள்" என்றாள்.

"என்ன?"

"அவளை. நீங்கள் தூக்குங்கள். தினமும்."

"நான் தூக்கினா என்கிட்ட ஒட்டிக்கும்மா. நீ திரும்பி வரும்போது உன்கிட்ட வராது. எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கேன். உன்னைப் பார்த்து வீறிட்டு அழும்."

அந்தப் பெண் குழந்தையின் முதுகைப் பார்த்தாள். படித்த புத்தகத்தை மனசுக்குள் புரட்டினாள்; இந்த இடத்துக்கு வேண்டிய பாடம் அதில் வரவில்லை. கிடைத்த சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள்.

"அழட்டும். நான் அருகில் அமர்வேன். ஒரு மாதம். ஒரு ஆண்டு. நான் பொறுப்பேன். நான் பெரியவள்." குழந்தையைக் காட்டினாள். "அவள் சிறியவள். அவள் பொறுக்கக் கூடாது."

குழந்தையின் ஒட்டுதலைப் பெற்றவள் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்து அத்தை பார்த்ததில்லை. பெறப்போகிறவள் விட்டுக்கொடுத்தும் பார்த்ததில்லை. அந்தக் காய்த்த கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மேடத்தின் உத்தரவு நினைவுக்கு வந்தது. போகட்டும், மேடம் திட்டுவார். திட்டு வாங்குவதும் அத்தைக்குத் தெரியும்.

எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. சுவரோரம் போய்க் குனிந்தாள்.

"இன்ஸ்பெக்டரய்யா, வா."

"நானே வச்சிடுவேன் அத்தை."

"வச்சது போதும். வா."

பத்து மாதத்துக்குப் பிறகு தூக்கினாள். கனம் கூடியிருந்தது. குழந்தை கட்டைபோல விறைத்துக்கொண்டு, கையிரண்டையும் தன் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அத்தையின் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது.

"எறக்கி விட்டுடுவியா?"

"மாட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ, அவ்வளவு நேரம்."

"உனக்கு இடுப்பு வலிக்குமே?"

"வலிக்கட்டும். அது என் இடுப்பு, உனக்கென்ன?"

முதலில் ஒரு கை வந்து கழுத்தில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கால்கள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. ஷூவின் விளிம்பு அத்தையின் விலாவில் குத்தியது. முகம் தோளில் புதைந்தது. உள்ளேயிருந்து எங்கோ ஒரு விக்கல் கிளம்பியது. அப்புறம் பத்து மாதத்து அழுகையும் உடைத்துக்கொண்டு வந்தது. அத்தை முதுகைத் தட்டிக்கொண்டே அறைக்குள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள். "அழுடா. நல்லா அழு. யாரு கேக்கறா?" அவள் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

வந்தவள் சோபாவை விட்டு எழவில்லை. தன் குழந்தை இன்னொருத்தியின் தோளில் அழுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். முக்கால் மணி நேரம் அப்படியே போனது. அழுகை தேம்பலாகி, தேம்பல் நீண்ட மூச்சாகி, கடைசியில் குழந்தை தூங்கிப்போயிற்று.

வெளியே டாக்சிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அத்தை ஜன்னல் வழியாக அவரை முறைத்த முறைப்பில், இரண்டாவது முறை அடிக்கவில்லை.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். குழந்தையை எழுப்பவில்லை. முத்தமிடவும் இல்லை; குனிந்தவள், விழித்துவிடுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். தொங்கிக்கொண்டிருந்த ஷூ ஒன்றின் நாடா அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டிவிட்டாள். அத்தையின் தோளை ஒருமுறை அழுத்தினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனாள்.

அந்த அறையின் கதவு கனத்த மரக்கதவு. விட்டால் காற்றில் படாரென்று அறையும். அவள் வெளியே போய், கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி, அங்குலம் அங்குலமாக இழுத்தாள். அத்தை தூங்குகிற பாரத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு வந்து, மறுகையின் உள்ளங்கையை இந்தப் பக்கம் கதவில் பதித்து, வேகம் எடுக்காதபடி தாங்கிக்கொண்டாள். வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி. இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒரு சின்னச் சத்தமும் எழாமல் அந்தக் கதவைச் சாத்தினார்கள்.